வளவுப் பூச்சிக்கு நஞ்சு வேண்டுமா?

வீட்டு வளவிலே பூச்சாடிக்கும் பொச்சுமட்டைக்கும் கீழே கிடந்து, தொட்டவுடன் மிளகுபோல் உருண்டுகொள்ளும் சாம்பல்நிறப் பூச்சியைக் கண்டதும், கமக்காரர் சிலர் நஞ்சு தெளிக்க முற்படுகின்றனர். அது வீண் செலவு. கோழிக்கும் குழந்தைக்கும் ஆபத்து.

ஏழு சோடிக் கால்களையுடைய இவ்வுயிர் நண்டு, இறால் ஆகியவற்றின் இனத்தது. செவுள் போன்ற உறுப்புகளால் மூச்சுவிடுவதால் ஈரமின்றி வாழாது. உக்கிய இலைகுழைகளை உண்டு மண்ணுக்குப் பசளையாக்குவதே அதன் தொழில். எனினும், அளவுக்கு மீறிப் பெருகினால் இளநாற்றுகளையும் கடிக்கும்.

ஆகவே, போக்கவேண்டியது ஈரத்தையேயாம். நாற்றுமேடையருகே குப்பை, பலகை, மட்டை கிடத்தலாகாது. காலையில் நீரூற்றினால் இரவுக்குமுன் மேல்மண் உலரும். மாலையில் நனைத்த சாக்கை விரித்து, விடியலில் அதன்கீழ் ஒதுங்கியவற்றைத் திரட்டிக் கூட்டெருக் குழியில் இடுக. அங்கே அது வேலையாள். நாற்றுமேடையில் மட்டுமே பகை.