வெள்ளுடை தேவதைக்கு மாசச் சம்பளம் எவ்வளவு?



ஒவ்வொரு வருஷமும் மே 12-ம் தேதி வந்தால் மெழுகுவத்தி ஏற்றி, உறுதிமொழி எடுத்து, செவிலியர்களை "வெள்ளுடை தேவதைகள்" என்று மேடையில் புகழ்வார்கள். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டம் எனக்குப் பிடிக்கலை. தேவதைக்குப் பசிக்காது, வீட்டு வாடகை கிடையாது, நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம். அதனால்தானோ என்னவோ, சம்பளம்னு வரும்போது எல்லாரும் அவங்களை நிஜமாவே தேவதையாக நினைச்சுடுறாங்க!

பாலிடெக்னிக் மலரில் நர்ஸ் பேச்சு எதுக்குன்னு நீங்க கேட்கலாம். அவங்களில் பெரும்பாலானவங்க படிக்கிறதும் மூணு வருஷ டிப்ளமாதான். நாம பத்தாவது முடிச்சு சேர்றோம், அவங்க பிளஸ் டூ முடிச்சு சேர்றாங்க. டிகிரிக்காரங்க நம்மைப் பார்க்கிற பார்வை எப்படின்னு நமக்குத் தெரியாதா என்ன?

இன்னொரு காரணம் என் வீடு. தென்னேரியில் அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறார். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டி காலேஜ் படி ஏறின முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டு பாரத்திலிருந்து மாத்திரைச் சீட்டு வரை எல்லாத்துக்கும் என்னைத்தான் கேட்பாங்க. இப்போ பிளஸ் டூ படிக்கிற என் தங்கச்சி, "அக்கா, நான் நர்ஸிங் சேரட்டுமா?" என்று கேட்கிறாள். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "படிச்சு முடிச்சா அது நிரந்தர வேலையா, காண்ட்ராக்டா?"

தங்கச்சிக்கு அந்த ஆசை வந்தது எங்க ஆயாவால். (ஆஸ்பத்திரி ஆயா இல்லை, அப்பாவைப் பெத்த ஆயா!) போன மழைக்காலத்தில் மூச்சுத் திணறல் வந்து ஆயாவை ஒரு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ராத்திரி துணைக்கு நானும் தங்கச்சியும் இருந்தோம். தூக்கம் வராமல் கட்டிலை எண்ணினேன். நாற்பத்திரண்டு. நர்ஸ் ஒருத்தர். ஒரு மூலையில் டிரிப்ஸ் மாற்றும்போது இன்னொரு மூலையில் யாரோ கூப்பிடுறாங்க. நடுவில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் வேற எழுதணும். விடியற்காலை நாலு மணிக்கு ஆயாவுக்கு ஆக்சிஜன் மாஸ்க் நழுவினதை முதலில் பார்த்தது தங்கச்சிதான். ஓடிப்போய்ச் சொன்னாள், அந்த அக்கா ஓடி வந்தாங்க, ஆயா பிழைச்சாங்க. அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் தூங்கியிருந்தால்? அந்த அக்கா மேல் எனக்குக் கோபமே இல்லை. பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் விதி. கணக்கு போட்டுப் பாருங்க.

ஆள் இல்லையா நாட்டில்? இருக்காங்க. 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 2015-ல் அது நடத்திய தேர்வில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் எழுதி ஜெயிச்சு வேலைக்கு வந்தாங்க. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்! ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் வந்தவங்க, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராட வேண்டியதாச்சு. கொரோனா சமயத்தில் 2020-ல் அவசரமாக எடுத்தவங்களில் சுமார் 2,400 பேருக்கு 2022 டிசம்பர் 31-ஓடு ஒப்பந்தம் முடிஞ்சது. பிறகு மாவட்ட சுகாதாரச் சங்கங்கள் மூலம் 18,000 ரூபாயில் மாற்று வேலை என்று அறிவிச்சாங்க. கை தட்டின ஜனங்க நாமதானே? அப்புறம் எங்கே போனோம்?

ஒண்ணும் நடக்கலைன்னு சொன்னால் அதுவும் பொய். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூணு செவிலியர் போட்டு, ஷிஃப்ட் முறையில் இருபத்திநாலு மணி நேரமும் திறந்து வைத்தது தமிழ்நாடு. அப்படித் திறந்திருந்த ஒரு நிலையத்தில்தான் என் தங்கச்சி ராத்திரி ரெண்டு மணிக்குப் பிறந்தாள், நர்ஸ் கையால். அதுக்கு முன்னாடி எங்க தெருவில் பாதிப் பிரசவம் வீட்டிலேயேதான் என்று அம்மா சொல்வாங்க. ஆக, திட்டம் போட்டு ஆள் போட்டால் பலன் கிடைக்குது.

குறை எங்கே என்றால், கணக்கு ஒரு இடத்தில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி செவிலியர் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரி இன்னொரு இயக்குநரகம். கிராம சுகாதார செவிலியர் பொது சுகாதாரத் துறை. தேர்வுக்கு வாரியம். பதிவுக்கு 1926 சட்டத்தில் பிறந்த கவுன்சில். பி.எஸ்ஸி. படிப்புக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். வெளிநாட்டுக்கு அனுப்ப 1978 முதல் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஒரு கை வார்டுக்கு ஆள் தேடுது, இன்னொரு கை வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஆள் அனுப்புது. போறவங்களைத் தடுக்கச் சொல்லலை, போகட்டும், சம்பாதிக்கட்டும். ஆனால் எத்தனை பேர் போறாங்க, எத்தனை பேர் ரிட்டயர் ஆறாங்க, எத்தனை பேர் படிச்சு வெளியே வர்றாங்கன்னு யாராவது ஒரே நோட்டில் எழுத வேண்டாமா? காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா. கரைநாடா தள்ளுற பையன் ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் அப்பா தறியையே நிறுத்திடுவார்.

இது புதுசாக நான் கண்டுபிடிச்சதும் இல்லை. 1987-ல் மத்திய அரசு அமைத்த செவிலியர் உயர்மட்டக் குழுவுக்குத் தலைவரே நம்ம சரோஜினி வரதப்பன் அம்மையார்தான். 1989-லேயே அறிக்கை கொடுத்தாச்சு. 2023-ல் புதுச் சட்டம் வந்து, தேசியப் பதிவேடும் மாநில ஆணையமும் வேணும் என்கிறது. செவிலியர்களுக்கென்று தனி இயக்குநரகம் வேண்டுமென்று அவங்க சங்கங்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் அதை ஆதரிக்கிறேன். தனி இயக்குநரகம் இன்னொரு ஆபீஸ்தானே, இன்னொரு பைல்தானே என்று என் வகுப்புத் தோழி கிண்டல் பண்ணுறாள். அதிலும் நியாயம் இருக்கு. அப்படின்னா குறைஞ்சபட்சம் இதையாவது செய்யட்டும்: மாவட்டவாரியாகக் காலியிடம் எவ்வளவு, அடுத்த அஞ்சு வருஷத்தில் ஓய்வு பெறுறவங்க எவ்வளவு, ஒப்பந்தத்தில் இருக்கிறவங்க எந்தத் தேதியில் நிரந்தரம் ஆவாங்க என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல் வெளியிடட்டும். தேதி போட்ட காகிதம் இருந்தால் போதும், எங்க அப்பா மாதிரி ஆளுங்க மகளை அனுப்புவாங்க.

நம்ம மாணவர் பேரவை கேன்டீன் டீ விலைக்கு ஒரு நாள் முழுக்க வாக்குவாதம் பண்ணினது ஞாபகம் இருக்கா? அடுத்த பொதுக்கூட்டத்தில் இதுக்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, தீர்மானம் போட்டு சுகாதார அமைச்சருக்கு அனுப்பலாம். எழுதித் தர நான் ரெடி.

தங்கச்சிக்கு மார்ச்சில் பரிட்சை, மே மாசம் ரிசல்ட். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அதுவரைக்கும்தான் டைம்.

— மூன்றாமாண்டு மாணவி, மின்னணுவியல் துறை, தென்னேரி