ஆர்டர் 570... பெரிய விமானம் 80தான்! ஏர் இந்தியா படும் பாடு

கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பது போல மொத்தமாக விமானம் வாங்கக் கிளம்பியது ஏர் இந்தியா. 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர். 2024 டிசம்பரில் மேலும் 100. கேட்டாலே தலை சுற்றும். ஆனால் லண்டன், நியூயார்க் போகிற பயணிக்கு இதில் என்ன கிடைக்கும்?

எண்ணிப் பார்த்தால் கொஞ்சம்தான். இந்த 570-ல் 490, உள்நாட்டுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் பறக்கும் சின்ன ரகம். தொலைதூரம் போகும் பெரிய விமானங்கள் 80 மட்டுமே. ஏர்பஸ் ஏ350 ரகம் 50, போயிங் 787-9 ரகம் 20, போயிங் 777எக்ஸ் ரகம் 10.

வரிசையில் நிக்கணும்!

காசை நீட்டினால் உடனே கிடைக்கிற சரக்கா இது? ஏர்பஸ், போயிங் இரண்டு கம்பெனியிலும் வரிசைப்படிதான் டெலிவரி. 2020-ல் வரவேண்டிய 777எக்ஸ், 2027-க்குத் தள்ளிப்போவதாக 2025-ல் போயிங் சொல்லிவிட்டது.

2023 டிசம்பரில் முதல் ஏ350 சீக்கிரம் வந்ததற்கும் காரணம் உண்டு. அது ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகத் தயாரானது. உக்ரைன் போரால் ரஷ்யா மீது தடை வந்தது, விமானம் கைமாறியது.

பழசுக்குப் பட்டறை

அதுவரை பழசை வைத்துத்தான் ஓட்டணும். 40 பெரிய விமானங்களின் உள்பகுதியைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் செலவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஆனால் புது சீட்டுகள் கிடைப்பதே தாமதம். முதல் 787-8 விமானம் இந்த வேலைக்காக அமெரிக்கா போனதே 2025 ஜூலையில்தான்.

பஸ்சைப் பட்டறைக்கு விட்டால் டிரிப் கட் ஆகும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும். 2025 ஜூன் 12-ல் ஆமதாபாத்தில் ஒரு 787-8 விழுந்து நொறுங்கி 260 பேர் பலியானார்கள். அதன்பின் அந்த ரகத்தில் மிச்சம் 26. அவற்றையும் பட்டறைக்கு அனுப்பினால் விமானம் போதாது. பாகிஸ்தான் வான்வழியும் மூடல். விளைவு, 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி - வாஷிங்டன் சேவை நிறுத்தம்.

யார் தலையில் விழுந்தது?

ஏர் இந்தியா அரசு கையில் இருந்தபோதும் இப்படி ஒரு பெரிய ஆர்டர் போனது. 2005-06-ல் இந்தியன் ஏர்லைன்சையும் சேர்த்து 111 விமானங்கள். கடனை நம்பி வாங்கியதை மத்திய தணிக்கைத் துறை 2011-ல் கடுமையாகக் குறை சொன்னது. நஷ்டமும் வட்டியும் சேர்ந்து 2021-ல் கடன் ரூ.61,562 கோடி!

2022 ஜனவரியில் டாடா கைக்குப் போனபோது, அதில் ரூ.15,300 கோடியைத்தான் டாடா ஏற்றது. மீதி ரூ.46,262 கோடி அரசு தலையில். அதாவது, விமானத்தில் ஏறியே பார்க்காத ஜனங்கள் தலையிலும்தான்.

இப்போது பணம் போடுவது தனியார். அந்த மட்டுக்கும் நிம்மதி. ஆனால் ஆர்டர் எண்ணிக்கையைக் கேட்டுக் கைதட்டிப் பிரயோஜனமில்லை. எத்தனை பெரிய விமானம், எந்த வருஷம் வந்து இறங்கும்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.