மாலைக் கல்லூரியில் மனோதத்துவம் வேண்டும்

பகலில் உத்தியோகம், இரவில் படிப்பு என்று பட்டம் வாங்கி முன்னுக்கு வந்தவர்கள் வெளி மாநிலத் தமிழர்களில் ஏராளம். ஊரைவிட்டு வந்து குமாஸ்தாவாகவோ ஆலைத் தொழிலாளியாகவோ சேர்ந்து, தபாலில் வந்த பாடங்களை ஷிப்டு முடிந்த பிறகு படித்து எம்.ஏ. தேறியவர்கள், பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் இந்த முறையைத் தொடங்கி வைத்தது. 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதில் இறங்கியது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் ஏற்பட்ட பின், தபால் வழிக் கல்வி உழைத்துப் பிழைப்பவர்களின் கல்லூரியாகவே ஆகிவிட்டது.

அந்தக் கல்லூரியின் கதவுகளில் ஒன்று 2025 ஆகஸ்டில் அடைபட்டது. மனோதத்துவத்தை, அதாவது இப்போது உளவியல் என்று வழங்கும் பாடத்தை, தபால் மூலமாகவோ இணைய வழியாகவோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்டு பருவத்திலிருந்தே புதிய மாணவர்களைச் சேர்க்கலாகாது என்பது அதன் சாரம். வேலையை விடாமல் மனோதத்துவத்தில் மேல்பட்டம் பெறலாம் என்று எண்ணியிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது பெரிய இடி.

உத்தரவுக்கு அடிப்படை, மருத்துவத்தை ஒட்டிய தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் இயற்றிய மத்தியச் சட்டம். அந்தச் சட்டத்தின் தொழில் பட்டியலில் மனோதத்துவமும் இடம்பெற்றிருக்கிறது. உடம்பையோ மனத்தையோ பழுது பார்க்கும் தொழிலை மனிதர்களோடு பழகித்தான் பயில வேண்டும், தபாலில் பயில முடியாது என்பது மானியக் குழு காட்டும் காரணம்.

காரணம் நியாயமானதுதான். அதை மறுப்பதில் பயனில்லை. மனோதத்துவம் என்பது மனிதர்களைப் பற்றிய நல்ல நல்ல கருத்துகளைப் படித்து ஒப்புவிக்கும் பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு வருட எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் சங்கதி வேறு என்று தெரியும். அதில் புள்ளியியல் உண்டு. கணக்கைக் கண்டு பயந்து கலைப் பாடம் எடுத்தவர்கள் முதலில் திணறுவது இங்கேதான். ஞாபகசக்தி, கவனம், புலன்கள் ஆகியவற்றைச் சோதிக்கும் ஆய்வுக்கூடப் பயிற்சி உண்டு. அறிவுத்திறன் சோதனைகளை நடத்தி, மதிப்பெண் போட்டு, அதன் பொருள் என்ன என்று எழுதும் பயிற்சி உண்டு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை என்று நேரில் போய் ஆட்களோடு பேசிக் குறிப்பெடுத்து, ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் வேலை உண்டு. அழுகிற ஒருவர் எதிரே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க எந்தப் புத்தகமும் கற்றுத் தராது.

இந்தியாவில் இந்தப் பாடம் வேர்விட்டதே ஆய்வுக்கூடத்தில்தான். 1916-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் இதற்குத் தனித்துறை கண்டது; அமெரிக்காவின் ஹார்வர்டில் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா அதை நடத்தினார். அடுத்து 1924-ல் மைசூர். லண்டனில் ஸ்பியர்மன் என்ற பேராசிரியரிடம் பயின்று திரும்பிய எம்.வி. கோபாலசாமி மைசூர் மகாராஜா கல்லூரியில் துறையைத் தொடங்கினார். 1935-ல் தம் வீட்டிலேயே ஒரு சிறு வானொலி நிலையம் அமைத்து, அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வைத்தவரும் இவரே. நாடு முழுவதும் பின்னால் வழங்கிய அந்தப் பெயர் ஒரு மனோதத்துவப் பேராசிரியர் வீட்டிலிருந்து புறப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

பெங்களூருக்கும் இதில் பெரிய பங்குண்டு. 1954-ல் இங்கே அகில இந்திய மனநல நிலையம் ஏற்பட்டது. மறுவருடமே மனநோய் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மனோதத்துவ நிபுணர்களைத் தயாரிக்கும் படிப்பு அங்கே ஆரம்பமாயிற்று. 1974-ல் அந்த நிலையமும் மனநோய் ஆஸ்பத்திரியும் இணைந்து நிம்ஹான்ஸ் உருவாயிற்று. ஓசூர் ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியை அறியாத தமிழ்க் குடும்பம் இங்கே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்பவர்களை எந்த நாளிலும் காணலாம்.

ஆகவே, தபாலில் மட்டும் படித்துவிட்டு மனநலம் பேணப் புறப்படுவது ஆபத்து என்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆனால் ஒரு கதவை அடைத்தவர்கள் மறு கதவைத் திறந்தார்களா? இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

பகல் கல்லூரி காலையில் தொடங்கி மாலையில் முடிகிறது. அதே நேரம்தான் காரியாலய நேரமும். பீனியாவில் இயந்திரம் ஓட்டுகிறவரும், துணித் தொழிற்சாலையில் தையல் மிஷின் முன் உட்காருகிறவரும், விடியற்காலை ரயிலில் கோலார் தங்கவயலிலிருந்து வந்து இரவில் திரும்புகிறவரும் பகல் கல்லூரிக்குப் போவது எப்படி? 2001-ல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்குச் சம்பாதித்துக்கொண்டே படிப்பதுதான் வழி. சர்க்கார் பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடத்துக்கு இடம் கொஞ்சம். பல தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் லட்சத்தைத் தாண்டுகிறது. பணமும் பகல் நேரமும் உள்ள வீட்டுப் பிள்ளைகளே இனி மனோதத்துவம் படிக்கலாம் என்பது நடைமுறையில் இந்த உத்தரவின் விளைவு.

இன்னொரு முரண்பாட்டையும் பார்க்க வேண்டும். மானியக் குழு உத்தரவுக்குச் சில வாரங்கள் முன்பு, 2025 ஜூலையில், சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. மாணவர் தற்கொலைகளைத் தடுப்பதற்காக, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதி பெற்ற ஆலோசகர், மனோதத்துவர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது கூறியது. நாட்டில் இத்தகைய பள்ளிகளும் கல்லூரிகளும் லட்சக்கணக்கில் உள்ளன. அத்தனைக்கும் ஆள் வேண்டும் என்கிறது கோர்ட். ஆள் தயாராகும் வழிகளில் ஒன்றை மூடுகிறது மானியக் குழு. இரண்டு உத்தரவும் தனித்தனியே சரி. இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியவர்கள் யோசிக்கவில்லை.

தேவை எவ்வளவு என்பதற்கு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வே சாட்சி. 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த அந்தக் கணக்கின்படி, 18 வயது நிரம்பியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பெருநகரங்களில் இந்தத் தொல்லை கூடுதலாகவே காணப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் சிகிச்சை கிட்டாதவர்கள், கோளாறுக்குக் கோளாறு வேறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தார்கள்.

பிழைக்க வந்தவர்களுக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. அது பாஷை. காய்ச்சலுக்கு நாக்கை நீட்டிக் காட்டினால் போதும். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே பேசும். மனக் கஷ்டத்துக்கு வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கன்னடத்தில் பஸ் டிக்கெட் கேட்கவும், மேஸ்திரிக்குப் பதில் சொல்லவும் சீக்கிரம் பழகிவிடலாம். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, உள்ளுக்குள் ஏதோ பிசைகிறது, ஊரிலிருந்து போன் வந்தால் கை நடுங்குகிறது என்பதையெல்லாம் தாய்மொழியில்தான் சொல்ல வரும். அதைச் சொல்லத் தெரியாமல் தலைவலி மாத்திரையிலும் சாராயத்திலும் காலத்தைக் கழிப்பவர்கள் எத்தனை பேர்!

குழந்தைகள் விஷயமும் அப்படியே. பினே என்ற பிரெஞ்சு அறிஞர் வகுத்த அறிவுத்திறன் சோதனையை 1930-களில் வி.வி. காமத் மராத்திக்கும் கன்னடத்துக்கும் ஏற்றபடி திருத்தி அமைத்தார். குழந்தை அறிந்த மொழியிலும் குழந்தை கண்ட பொருள்களைக் கொண்டும் கேட்டால்தான் அதன் அறிவை அளக்க முடியும் என்பதே அவர் அந்தச் சிரமம் எடுத்ததற்குக் காரணம். வீட்டில் தமிழ் பேசி, தெருவில் கன்னடம் பேசி, வகுப்பில் இங்கிலீஷ் கேட்டு விழிக்கும் கூலிக்காரர் மகனை மந்த புத்திக்காரன் என்று ஒதுக்கிவிடாமல் இருக்க, அந்த மூன்றையும் அறிந்த மனோதத்துவர் வேண்டும். அப்படிப்பட்டவர் அதே தெருவிலிருந்துதான் வர முடியும்.

தமிழருக்குத் தனி மனோதத்துவர் வேண்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. இந்த மண்ணின் மொழி கன்னடம். அதை எழுதப் படிக்கத் தெரிந்துகொள்வது இங்கே வாழ்பவர்களின் கடமை. கன்னடமும் தமிழும் சரளமாக வரும் ஒருவர் இரு சாராருக்கும் பயன்படுவார். தொழிலாளர் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த இரட்டை ஆற்றல் செலவில்லாமல் வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது கர்நாடகத்துக்கும் நஷ்டம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பெங்களூருக்கு மாலைக் கல்லூரிகள் புதிதல்ல. குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் மாலையில் படித்துப் பி.ஏ., பி.காம். பட்டம் பெற்ற பழக்கம் இந்த நகருக்கு உண்டு. அதே முறையில் மனோதத்துவ எம்.ஏ., எம்.எஸ்ஸி. வகுப்புகளை மாலை நேரத்தில் நடத்தச் சர்க்கார் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும். இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடமாக நீட்டினால் தவறில்லை. பாடங்களை வாரநாள் மாலைகளில் நடத்தலாம். ஆய்வுக்கூட வேலையையும் ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் சனி, ஞாயிறுகளிலும் விடுமுறைக் காலத்திலும் வைத்துக்கொள்ளலாம். நேரில் வந்து படிக்க வேண்டும் என்ற மானியக் குழுவின் நோக்கமும் நிறைவேறும். உழைப்பவர் வயிற்றிலும் அடி விழாது.

தொழிற்சங்கங்களும் இதைக் கவனிக்க வேண்டும். சம்பளம், போனஸ், பஞ்சப்படி கேட்கும்போது, பரீட்சைக்கும் பயிற்சிக்கும் லீவு கேட்பதும் நியாயமான கோரிக்கையே. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில், தொழிலாளியின் மனநிலை அறிந்த ஒருவர் தொழிலாளர்களிடையிலிருந்தே வருவது நிர்வாகத்துக்கும் லாபம்.

சரி, அதுவரை பெற்றோரும் மாணவர்களும் கவனமாக இருக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

முதலாவது, எம்.ஏ. பட்டம் வாங்கியவுடன் மனநோய்க்குச் சிகிச்சை தரலாம் என்று நினைக்கலாகாது. மருந்து எழுதுபவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநோய் மருத்துவத்தில் மேல்பட்டம் பெற்ற டாக்டர். மருந்தில்லாமல் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தரும் மருத்துவ மனோதத்துவர் என்ற பெயருக்கு, எம்.ஏ.வுக்கு மேல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஒப்புக்கொண்ட ஆஸ்பத்திரிப் பயிற்சி தேவை. 1992-ம் வருடச் சட்டப்படி அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாமல் அத்தொழிலை நடத்துவது குற்றம். ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

இரண்டாவது, அந்தப் பயிற்சி நெடுங்காலம் இரண்டு வருட எம்.பில். படிப்பாக இருந்து வந்தது. அது முழு நேரப் படிப்பு. உத்தியோகத்தோடு சேர்த்துச் செய்ய இயலாது. எம்.பில். பட்டத்தையே 2022-ம் வருட விதிகளில் மானியக் குழு எடுத்துவிட்டது. மருத்துவ மனோதத்துவத்துக்கு 2025-26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை அவகாசம் கொடுத்தது. அதற்குப் பதிலாகப் புதிய படிப்புகளைக் கவுன்சில் வகுத்திருக்கிறது. ஆகவே பழைய மாணவர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாமல், கல்வி நிலையத்தின் பெயர் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சேர வேண்டும்.

மூன்றாவது, சில வாரங்களில் ஆலோசகர் ஆகலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்கள். சான்றிதழ் கிடைக்கும், வேலை கிடைக்காது. கைக்காசைத் தொலைத்தவர்கள் பலர்.

ஏற்கெனவே தபால் வழியில் பட்டம் பெற்றவர்கள் கலங்க வேண்டியதில்லை. உத்தரவு புதிய சேர்க்கையைப் பற்றியது. அங்கீகாரம் இருந்த காலத்தில் முறைப்படி பெற்ற பட்டம் செல்லாது என்று அது சொல்லவில்லை. இந்த விவரங்களை எல்லாம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத் தமிழ்ச் சங்கங்கள் பரீட்சை முடிவு வரும் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் பெரிய உபகாரமாக இருக்கும்.

மன உளைச்சலில் இருப்பவர்கள் படிப்பு முடித்து ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவி, 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. காரியாலயத்திலும் ஷெட்டிலும் விடுதியிலும் அந்த எண்ணை எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

தபால் வழியை மூடியதற்கு மானியக் குழு சொன்ன காரணம் மனநலம் தேடி வருபவர்களின் நன்மை. அந்த நன்மையில் அக்கறை மெய்யானால், கூலிக்காரரின் மகளும் குமாஸ்தாவின் மகனும் மனோதத்துவராக வருவதற்கு வழி செய்வதும் அதே அக்கறையின் மறுபாதி. கர்நாடக அரசும் பல்கலைக்கழகங்களும் வரும் கல்வியாண்டிலேனும் மாலை வகுப்புகளைத் தொடங்க வேண்டும். காலதாமதம் ஆக ஆக, கஷ்டப்படுகிறவரின் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள்.