சார்ட் யாருக்கு எளிமையாக இருக்க வேண்டும்?

பங்குச் சந்தை என்றதும் இன்றைக்குப் பலருக்கும் நினைவுக்கு வருவது பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் அந்தக் கோடுகள்தான். ஒரு காலத்தில் புரோக்கர் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் தெரிந்த சார்ட், இப்போது பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் கல்லூரி மாணவனின் மொபைலிலும் ஓடுகிறது. அதுவும் இலவசமாக! விரலால் இழுத்தால் நகர்கிறது. இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகிறது. "மிக எளிமையானது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்" என்றுதான் எல்லா ஆப்களும் சொல்கின்றன.

ஆனால் எது எளிமை? பங்கை வாங்குவதும் விற்பதும் எளிமையா, அல்லது திரையில் தெரிவது என்ன என்று புரிந்துகொள்வது எளிமையா? இந்த இரண்டும் வேறு வேறு. சார்ட் மென்பொருள்களைச் செய்பவர்கள் முதலாவதைத்தான் மெருகேற்றிக்கொண்டே போகிறார்கள். இரண்டாவதை டிரேடரின் தலையெழுத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

இது வெறும் டிசைன் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பிரிவில் டிரேடிங் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். இவர்களில் நான்கில் மூன்று பேர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு என்று சொன்னவர்கள். 2023-24-ல் டிரேடிங் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்கும் கீழே! இத்தனை நஷ்டத்துக்கும் சார்ட்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் போனபோது பலரின் கண் முன்னால் இருந்தது ஒரு சார்ட்தான். அது அவர்களிடம் உண்மையைச் சொன்னதா என்று கேட்பதில் தவறில்லை.

கையால் வரைந்த காலம்

விலையைக் கோடாக வரைந்து பார்க்கும் பழக்கத்துக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வெளியிட்ட புத்தகத்தில் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளைக் கோட்டுப் படங்களாக வரைந்து காட்டினார். ஜப்பானில் ஒசாகா நகரத்து டோஜிமா அரிசிச் சந்தையோடு சேர்த்துப் பேசப்படுவது கேண்டில் சார்ட். ஹோம்மா முனேஹிசா என்ற அரிசி வியாபாரியின் பெயரை அதனோடு இணைத்துச் சொல்வது வழக்கம். மேற்கத்திய டிரேடர்களிடம் அது பரவியது ரொம்பத் தாமதமாகத்தான், 1991-ல் ஸ்டீவ் நிசன் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு.

கம்ப்யூட்டர் வரும்வரை சார்ட் என்பது கையால் வரைவது. சந்தை முடிந்ததும் அன்றைய விலையைப் பார்த்து, கிராஃப் தாளில் ஒரு கோடு. மறுநாள் இன்னொரு கோடு. இன்றைக்கு எல்லா ஆப்பிலும் இருக்கும் ஆர்எஸ்ஐ கூட, வெல்லஸ் வைல்டர் 1978-ல் புத்தகமாக எழுதியபோது கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கும் கணக்குதான். இந்த முறையில் ஒரு பெரிய வசதி இருந்தது. கோட்டை வரைகிறவருக்கு அது எந்த அளவுகோலில் இருக்கிறது, ஒரு கட்டம் எத்தனை ரூபாய் என்று தெரியும். ஏனென்றால் அதை முடிவு செய்தவரே அவர்தான். இப்போது அந்த முடிவுகளையெல்லாம் மென்பொருள் எடுத்துவிடுகிறது. என்ன முடிவு எடுத்தது என்று சொல்வதும் இல்லை.

மலையும் மடுவும்

ஒரு பங்கு நாள் முழுவதும் 499 ரூபாய்க்கும் 501 ரூபாய்க்கும் நடுவிலேயே கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது அரை சதவீதம் கூட இல்லாத அசைவு. ஆனால் ஆப்பைத் திறந்தால் திரையின் அடியிலிருந்து உச்சிவரை மலையும் பள்ளத்தாக்குமாகத் தெரியும். கிடைத்த இடத்தை நிரப்பும்படி அளவுகோலைத் தானாகவே இழுத்துக்கொள்வது இந்த மென்பொருள்களின் பழக்கம். பத்து சதவீதம் விழுந்த நாளும் இதே போலத்தான் தெரியும். புதிதாக வந்தவர் எதைப் பார்த்துப் பதறுவார்? இரண்டையும் பார்த்துத்தான்!

நீண்ட கால சார்ட்டில் கதை தலைகீழாகிறது. ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்தபோது, 1992 ஏப்ரல் 28 அன்று, சென்செக்ஸ் சுமார் 570 புள்ளிகள் விழுந்தது. சதவீதத்தில் கிட்டத்தட்ட 12.8. கொரோனா பயத்தில் 2020 மார்ச் 23 அன்று விழுந்தது சுமார் 3,935 புள்ளிகள், அதாவது 13.15 சதவீதம். முதலீட்டாளரின் பணத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அடி. ஆனால் சாதாரண அளவுகோலில் வரைந்த சார்ட்டில் இரண்டாவது சரிவு முதலாவதைப் போல ஏழு மடங்கு ஆழமாக இருக்கும். 1992-ல் நடந்தது கண்ணுக்கே தெரியாது. லாக் அளவுகோலில் வரைந்தால் இரண்டும் ஒரே நீளத்தில் நிற்கும். பெரும்பாலான சார்ட்டுகளில் இந்த வசதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏதோ ஒரு மூலையில் சின்ன எழுத்தில். பல ஆண்டுகளைக் காட்டும் சார்ட் என்றால் லாக் அளவுகோல் தானாக வர வேண்டும், வேண்டாதவர் மாற்றிக்கொள்ளட்டும். அதுதான் நியாயம்.

போனஸ் பங்கு விஷயமும் இப்படித்தான். ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. விலை பாதியானது, பங்கு இரண்டானது. யாருக்கும் நஷ்டமில்லை. பழைய விலைகளைச் சரிசெய்யாத சார்ட்டில் இதே விஷயம் ஒரே நாளில் ஐம்பது சதவீத வீழ்ச்சியாகத் தெரியும். சரிசெய்த சார்ட் என்றால், "இந்தத் தேதிக்கு முந்தைய விலைகள் போனஸுக்காகப் பாதியாக்கப்பட்டுள்ளன" என்று ஒரு வரி அந்த இடத்திலேயே இருந்தால் போதும். ஒரு வரி எழுத எவ்வளவு செலவாகும்?

நிறம் எல்லோருக்கும் ஒன்றல்ல

பச்சை என்றால் ஏற்றம், சிவப்பு என்றால் இறக்கம். இது உலக விதி என்று பலர் நினைக்கிறார்கள். சீனாவில் சிவப்புதான் ஏற்றம், பச்சை இறக்கம். தென் கொரியாவில் சிவப்பு ஏற்றம், நீலம் இறக்கம். ஆக, நிறத்துக்கு அர்த்தம் ஊர்ப் பழக்கம் கொடுப்பது.

இதைவிட முக்கியமானது, பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவருக்கு இந்தக் குறைபாடு உண்டு. இந்தியாவில் விகிதம் அதைவிடக் குறைவுதான், ஆனால் கோடிக்கணக்கில் டிமேட் கணக்குகள் இருக்கும் நாட்டில் அதுவே பெரிய கூட்டம். ஏறிய நாளுக்கு உள்ளே வெற்றான கேண்டில், இறங்கிய நாளுக்கு நிரப்பிய கேண்டில் என்று வரையும் பழைய முறையில் இந்தப் பிரச்சினை கிடையாது. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் புரியும். கலர் திரை வந்த ஜோரில் அது பின்னுக்குப் போய்விட்டது.

ஒரே சாட்சி, நான்கு வாக்குமூலம்

அடுத்தது இண்டிகேட்டர்கள். நல்ல சார்ட் மென்பொருள் என்றால் நூற்றுக்கணக்கில் இண்டிகேட்டர் இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. புதியவர் ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, ஸ்டோகாஸ்டிக், பொலிஞ்சர் பேண்ட் என்று நான்கைப் போட்டுக்கொள்கிறார். நான்கும் "வாங்கு" என்பது போலத் தெரிந்தால் அவருக்கு தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் இந்த நான்கும் பிறந்தது ஒரே விலையிலிருந்துதான். ஒரே சாட்சியை நான்கு முறை கூண்டில் ஏற்றிவிட்டு நான்கு பேர் சாட்சி சொன்னார்கள் என்றால் எந்த நீதிபதி ஒப்புக்கொள்வார்?

ஆர்எஸ்ஐ-க்கு 14, எம்ஏசிடி-க்கு 12, 26, 9 என்று வரும் எண்களும் அப்படித்தான். அவை தினசரி விலைக்காக யோசித்த காலத்து எண்கள். ஒரு நிமிட சார்ட்டிலும் அதே எண்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒருவர் இண்டிகேட்டரைச் சேர்க்கும்போது, அது எதிலிருந்து கணக்கிடப்படுகிறது, ஏற்கெனவே திரையில் இருப்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று இரண்டு வரி சொன்னால் பாதிப் பேர் அதைச் சேர்க்கவே மாட்டார்கள்.

எச்சரிக்கை என்னும் சடங்கு

"எச்சரிக்கை போட்டுவிட்டோமே" என்று சார்ட் கம்பெனிகள் சொல்லலாம். எச்சரிக்கைப் பெட்டி என்ன சாதிக்கும் என்பதற்கு டோக்கியோவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2005 டிசம்பர் 8 அன்று மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில், ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய ஆர்டர், 6,10,000 பங்குகளைத் தலா ஒரு யென்னுக்கு விற்கும் ஆர்டராகப் போய்விட்டது. திரையில் எச்சரிக்கை வந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். நஷ்டம் சுமார் 4,000 கோடி யென்! அனுபவசாலிகள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இந்தக் கதி.

இந்தியாவில் 2023 ஜூலை முதல், எஃப் அண்ட் ஓ-வில் பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்ற அறிவிப்பை லாகின் செய்யும்போதே காட்ட வேண்டும் என்பது செபியின் உத்தரவு. நல்ல எண்ணம்தான். ஆனால் 2024-25 நிதியாண்டிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபியே பிறகு சொன்னது. தினமும் காலையில் வந்து நிற்கும் பெட்டியை விரல் தானாகவே மூடிவிடுகிறது. அதில் எழுதியிருப்பது யாரோ ஒன்பது பேரின் நஷ்டம். அந்தப் பத்தாவது ஆள் தான்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஆளைத் தூண்டிவிடும் டிசைன் மட்டும் நன்றாகவே வேலை செய்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பங்குச் சந்தை ஆணையம் 2022-ல் ஒரு சோதனை நடத்தியது. வாங்கி விற்கும் ஒவ்வொரு முறையும் அற்ப மதிப்புள்ள புள்ளிகள் கொடுத்தார்கள். அந்தக் குழுவினர் மற்றவர்களைவிட 39 சதவீதம் அதிகமாக டிரேடிங் செய்தார்கள். அமெரிக்காவின் ராபின்ஹூட் ஆப் வாடிக்கையாளரைப் பாராட்டி வண்ணக் காகிதம் தூவும் காட்சியை வைத்திருந்தது. கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2021-ல் எடுத்துவிட்டது. அதே ஆண்டு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான ஃபின்ரா அந்த நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கையில் அபராதமும் இழப்பீடுமாகச் சுமார் 7 கோடி டாலர். அதற்கான காரணங்களில் ஒன்று, சில வாடிக்கையாளர்களின் திரையில் தவறான மைனஸ் தொகையைக் காட்டியது. அப்படி ஒரு தொகையைப் பார்த்த இளைஞர் ஒருவர் 2020-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். திரையில் தெரியும் ஓர் எண் என்பது எவ்வளவு கனமானது என்று அதன் பிறகாவது எல்லோருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

வேகம் வேண்டாமா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. டிரேடர் வயது வந்தவர், அவர் பணம், அவர் இஷ்டம். நொடியில் ஆர்டர் போடத்தான் அவர் சார்ட்டுக்கே வருகிறார், அதைத் தடுப்பது உதவியா என்று கேட்பார்கள். தினமும் இதே தொழிலாக இருப்பவருக்கு இது சரிதான். அவருக்கு சார்ட்டின் மேலேயே வாங்கும் பட்டன் வேண்டும், ஒரு நிமிட கேண்டில் வேண்டும். அவர் அதைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளட்டும். கேள்வி, நேற்றைக்குக் கணக்கு ஆரம்பித்தவருக்கு முதலில் எது தெரிய வேண்டும் என்பது. பெரும்பாலானவர்கள் எந்த செட்டிங்கையும் மாற்றுவதே இல்லை. எனவே முதலில் கொடுப்பதுதான் அவர்களுக்குக் கடைசிவரை.

முதல் திரையில் தினசரி சார்ட் வரட்டும். விலையோடு சதவீதமும் தெரியட்டும். முக்கியமாக, அவர் வாங்கிய இடமும் விற்ற இடமும் அதே சார்ட்டில் புள்ளியாக விழட்டும். பக்கத்தில் இந்த மாதம் புரோக்கரேஜும் வரியும் கட்டணமுமாகப் போனது எவ்வளவு, எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று ஒரே எண் இருக்கட்டும். செபி ஆய்வின்படி அந்த மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் கட்டணமாக மட்டும் கட்டியது சுமார் 50,000 கோடி ரூபாய். ஊரார் நஷ்டத்தைச் சொல்லும் பெட்டியைவிட, சொந்தக் கணக்கைச் சொல்லும் அந்த ஓர் எண் பத்து மடங்கு உறைக்கும். புரோக்கருக்கு வருமானமே அந்தக் கட்டணத்திலிருந்துதான் என்பதால் இதை அவர்களாகச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். ஆனாலும் ஜெரோதா போன்ற புரோக்கர்கள், டிரேடரே தன் கணக்கைச் சில மணி நேரம் பூட்டி வைத்துக்கொள்ளும் 'கில் ஸ்விட்ச்' வசதியைத் தந்திருக்கிறார்கள். மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அது அடையாளம்.

சார்ட் வரையும் மென்பொருள் நூலகங்கள் இன்றைக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவர் ஒருவர் ஓரிரு நாளில் கேண்டில் சார்ட் ஒன்றை ஓடவிட்டு புராஜெக்ட் மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். அளவுகோல் என்ன, நிறம் என்ன, முதலில் எந்தத் திரை, எந்தப் பட்டன் எங்கே என்பதெல்லாம் மட்டும் அவர் முடிவு செய்ய வேண்டியவை. நாளைக்கு அவரே ஒரு பெரிய நிறுவனத்தில் உட்கார்ந்து இதே முடிவுகளை எடுப்பார். மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கும் ஒருவர் அந்தத் திரையை நம்பிப் பணத்தைப் போடுவார் என்பதை அப்போது அவர் நினைத்துக்கொண்டால் போதும்.