பாலம் ஆடுகிறது என்கிறோம், அளந்து பாருங்கள்

குஜராத்தில் மகிசாகர் ஆற்றின் மேல் நின்ற கம்பீரா பாலம் 2025 ஜூலை 9 அன்று காலை உடைந்து விழுந்தது. கட்டி 40 ஆண்டுதான் ஆகியிருந்தது. லாரிகளும் வேன்களும் ஆற்றுக்குள் போயின. சுமார் 20 பேர் இறந்தார்கள். பாலத்தின் நிலை சரியில்லை என்று அந்தப் பகுதி மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் ஆற்றுப்பாலத்துக்கும் அதே முறையீடுதான். பாரம் ஏற்றிய மணல் லாரி போகும்போது நடுப்பாலத்தில் நின்றால், அதிர்வு உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை ஏறுகிறது. தளங்கள் சேரும் இடத்தில் ரப்பர் பிய்ந்து, இடுக்கு வழியே கீழே ஓடும் தண்ணீர் தெரிகிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டுவிட்டது. மனு கொடுத்தால், நேரில் பார்வையிட்டதாகவும் பாலம் நன்றாக இருப்பதாகவும் பதில் வருகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பதும், தளத்தைத் தாங்கும் பேரிங் தேய்வதும் மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

அளக்க வழி இருக்கிறது. எல்லாப் பாலமும் அதிரும், அது கோளாறல்ல. உள்ளே விரிசல் விழுந்தாலோ தூணடியில் மண் அரித்துப்போனாலோ அதிரும் விதம் மாறும். அதிர்வுமானிகளைப் பொருத்தி, மேற்பார்வையில்லா இயந்திரக் கற்றல் என்னும் முறையில் கணினியிடம் ஒப்படைத்தால், அந்தப் பாலத்தின் இயல்பான அதிர்வை அது தானே கற்றுக்கொள்கிறது. அதிலிருந்து விலகினால் எச்சரிக்கிறது. சேதமான பாலம் எப்படி அதிரும் என்று அதற்குக் காட்ட வேண்டியதில்லை. காட்டுவதும் எளிதல்ல. சுவிட்சர்லாந்தில் இடிக்கவிருந்த இசட்24 பாலத்தை 1998-இல் வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தி அளந்தார்கள். அந்த வாய்ப்பு ஊருக்கு ஊர் கிடைக்காது. கடுங்குளிரில், எந்தச் சேதமும் இல்லாமலே அதிர்வு மாறும் என்பதையும் அதே பாலம் காட்டியது. ஆகவே நம் கத்திரி வெயிலையும் ஐப்பசி மழையையும் கணினி ஒரு சுற்றாவது பார்த்தாக வேண்டும்.

கருவிகளைப் பொருத்துவதைத் தள்ளிப்போடவும் கூடாது. பொருத்தும் நாளில் பாலம் எப்படி இருக்கிறதோ அதையே கணினி இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். நலிந்த பிறகு பொருத்தினால் நலிவுதான் இயல்பு என்று பதிவாகும்.

நமக்கு இது புதிதும் அல்ல. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐஐடி சென்சார்கள் பொருத்திக் கண்காணித்தது. 2022 டிசம்பரில் பாதுகாப்பு கருதி அதில் ரயில்களை நிறுத்தினார்கள். ரயில் பாலத்துக்குச் செய்ததை டவுன் பஸ் போகும் பாலத்துக்கும் அரசு செய்யட்டும். பழைய ஆற்றுப்பாலங்களிலிருந்து தொடங்கலாம். கிடைக்கும் அளவுகளை மக்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எச்சரிக்கை வந்தால், போக்குவரத்தை உடனே நிறுத்தும் அதிகாரமுள்ள ஒரு பொறியாளருக்கு அது போய்ச் சேர வேண்டும். ஏதோ மாறியிருக்கிறது என்றுதான் கருவி சொல்லும், என்ன ஆனது என்று பாலத்தடியில் இறங்கிப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எங்கள் பாலத்தில் வேலையைத் தொடங்குங்கள். அதுவரை அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரிகளை அதன்மேல் விடாதீர்கள்.