மஞ்சட் சட்டையும் வெண்கலப் பதக்கமும்

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் டோக்கியோவில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 5-4 என வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் பெற்றது. அவ்வாண்டே அக்டோபர் 15ஆம் நாள் துபாயில் சென்னை சூப்பர் கிங்ஸ் நான்காம் முறையாகக் கோப்பையை வென்றது. இவ்விரண்டனுள் நம் தளவாய்புரத்து இளைஞர் எதனைத் தம் வெற்றியாகக் கொண்டாடினர் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இதனை நாட்டுப்பற்றின் குறை எனக் கடிந்துரைத்தல் முறையன்று. பழகப் பழகவே பற்று வளரும். சென்னை அணி ஆண்டுதோறும் மாலைதோறும் நம் வீட்டிற்கே வருகிறது. ஒலிம்பிக்கோ நான்காண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்து.

ஆயினும் பதக்கம் ஒருநாளில் விளைவதன்று. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். அண்டை மாவட்டத்துக் கோவில்பட்டியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினர். அவர்தம் பெயரை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

மாணவர்களே! மஞ்சட் சட்டையைக் களைய வேண்டா. அதனை அணிந்தே ஒருமுறை கோவில்பட்டித் திடலுக்குச் சென்று கைதட்டுங்கள். பெரியோர்களும் தம் பிள்ளைகளை உடனழைத்துச் செல்லட்டும். பார்ப்பாரின்றிப் பயில்வோரிடம் பதக்கம் மட்டும் கேட்பது, நீர் வாராத மரத்தில் கனி தேடுவதையே ஒக்கும்.