கையைத் தாழ்த்தலாமா?

முகமது அலி சென்னைக்கு வந்தார். அது 1980-ம் ஆண்டு.

நேரு ஸ்டேடியத்தில் மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். முதல்-அமைச்சராக இருந்த எம்.ஜி.ஆரும் விழாவில் கலந்துகொண்டார். ஜிம்மி எல்லிசுடன் அலி காட்சிச் சண்டை போட்டார்.

குத்துச்சண்டை வீரர்கள் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி வைத்திருப்பார்கள். அலியோ, இடது கையை இடுப்பு வரை தொங்க விட்டுக்கொண்டு துள்ளித் துள்ளி ஆடுவார். அது அவருடைய தனி அழகு!

மயிலாப்பூரிலோ, தியாகராயநகரிலோ, அடையாறிலோ குத்துச்சண்டை பழகும் சிறுவன், அலியின் பழைய சண்டைகளை இன்று செல்போனில் பார்க்கிறான். தானும் கையைத் தாழ்த்துகிறான். இது சரியா?

நன்மை என்ன?

வலது கைப் பழக்கம் உள்ளவர், இடது கையை முன்னால் வைத்து நிற்பார். அந்தக் கையைத் தாழ்த்துவதில் நன்மை உண்டு.

குத்து கீழே இருந்து கிளம்பும். எதிரியின் கண்ணுக்கு அது சட்டென்று தெரியாது. கையைத் தூக்கியே வைத்திருந்தால் தோள் வலிக்கும். தாழ்த்தினால் களைப்புக் குறையும். விலாவுக்கும் கை காவலாக இருக்கும். முகம் திறந்திருக்கிறதே என்று எதிரி ஆசைப்பட்டுப் பாய்வான். அப்போது அவனை மடக்கலாம்.

ஆபத்து என்ன?

முகத்தின் இடது பக்கம் காவல் இல்லாமல் கிடக்கும். எதிரியின் வலது கைக்கு அது திறந்த வாசல். இடுப்பில் இருக்கும் கை தாடைக்கு வந்து சேருவதற்குள் அடி விழுந்துவிடும்!

அமெரிக்க வீரர் ஜோ லூயி பட்ட பாடு இதற்குச் சாட்சி. இடது கையால் குத்தியதும், அந்தக் கையைத் தாழ விட்டுவிடுவது அவர் வழக்கம். ஜெர்மனி வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் லூயியின் சண்டைப் படங்களைப் போட்டுப் பார்த்து, இதைக் கண்டுபிடித்தார். 1936-ல் இருவரும் மோதினார்கள். கை தாழ்ந்த போதெல்லாம் வலது கைக் குத்து விழுந்தது. 12-வது சுற்றில் லூயி சாய்ந்தார். தொழில்முறைச் சண்டையில் அதுவே அவருக்கு முதல் தோல்வி.

லூயி அந்தக் குறையைத் திருத்திக்கொண்டார். 1938-ல் அதே ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார்!

அலி எப்படித் தப்பினார்?

அலிக்குக் கால்களே கவசம். குத்து வரும்போது பின்னால் சாய்வார், விலகுவார். கையை அவர் தாழ்த்தியது, காலை நம்பித்தான். வயது ஏறியது. கால் வேகம் குறைந்தது. வாங்கிய அடிகள் கூடின. 1984-ல் அவருக்கு நடுக்குவாத நோய் இருப்பது தெரியவந்தது. நோய்க்கு அடிகள்தான் காரணமா என்பது டாக்டர்கள் விவாதிக்கும் விஷயம். ஆனால், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைப் பாதிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆகவே, பழகும் பிள்ளைகள் கையைத் தூக்கியே வைக்க வேண்டும். குத்திய கை உடனே தாடைக்குத் திரும்ப வேண்டும். கையைத் தாழ்த்தும் வித்தை, கண்ணும் காலும் தேர்ந்த பிறகு, பயிற்சியாளர் சொன்னால் போதும். பயிற்சியைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். கோப்பை இந்த ஆண்டு போனால் அடுத்த ஆண்டு வரும். மூளை கெட்டால் திரும்ப வருமா?

அலியின் கையைப் பார்க்கும் பிள்ளைகள், அவருடைய கால்களையும் பார்க்கட்டும்!